அடி வாங்கியவனின் கையெழுத்து

ஓம், உன்னுடைய விளையாட்டுச் சாமான் பாக் இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. கடைசி மட்சுக்குப் பிறகு என் காரில் விட்டுவிட்டுப் போனாய். காலையில் பாஸ்போர்ட்டைத் தேடி அலுமாரியைக் கிளறும்போது காலடியில் விழுந்தது. பாக்கின் சிப்பை இழுத்துத் திறந்தேன். முழங்காலுக்கு நீ பூசும் தைலத்தின் மணம் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. பதினொரு மணிக்கு விசா கந்தோரில் அப்போயின்ட்மென்ட். அதற்குள் உன்னோடு கொஞ்சம் கதைக்கவேண்டும்.

நாங்கள் பழகத் தொடங்கியதே நான் உன் தாடையை உடைத்ததில்தான். வேறு யாரிடமும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஸ்காபரோவில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓவர்கேம் கரப்பந்து, ஊரில் வலை கட்டி ஆடுகிற அதே பந்தடி. எனக்கு இருபது வயது. கொலிச்சை விட்டு இரண்டு கிழமை. கண்ட கண்ட அன்ரிமார் எல்லாம் "இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்டுக் கேட்டு என் மண்டை கொதித்துக் கிடந்த நேரம். நான் அடித்த பந்தை நீ அவுட் என்றாய். நான் கோட்டில் பட்டது என்றேன். நீ சனத்தைப் பார்த்துக் கத்தினாய்: "படிப்பைப் பாதியில விட்டவன், கோடு எங்க கிடக்கெண்டு உவனுக்கு எப்பிடித் தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரேயொரு அடிதான் அடித்தேன். நீ நிலத்தில் இருந்துவிட்டாய். பிறகு அம்புலன்ஸ், பொலிஸ், விலங்கு.

என்னை வெளியே விடும்போது ஒரு தாள் தந்தார்கள். வழக்குக்காகக் கோட்டுக்கு, நீதிபதிக்கு முன்னால், வரவேண்டிய திகதி அதில் இருந்தது. உன்னோடு பேசக்கூடாது, உன் கிட்டவும் போகக்கூடாது என்றும் இருந்தது. அடுத்த கிழமையே என் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தா. ஊரில் இரண்டு வீட்டுக்காரர் தங்களுக்குள் அடிபட்டால் இணக்கசபையில் வைத்துப் பேசி முடிப்பார்கள், கையெழுத்து வைத்தால் வழக்கு இல்லை. இங்கேயும் அப்படித்தான் என்று எங்கள் இரண்டு அம்மாமாருக்கும் நினைப்பு. என் அம்மா அழுதா. உன் அம்மாவும் அழுதா. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து வடை சுட்டார்கள். உன் வாய்க்குக் கம்பி போட்டிருந்தது, வடை தின்ன முடியாது. தேத்தண்ணியை ஸ்ட்ரோவால் உறிஞ்சிக்கொண்டு பல்லைத் திறக்காமல் சொன்னாய்: "மன்னிச்சிட்டன் மச்சான். ஆனா பந்து அவுட்தான்."

வாசலில் நான் உன்னிடம் கேட்டேனே, ஞாபகமா? "அப்ப கோட்டுக்குப் போகவேணுமோ?"

"அடி வாங்கினவன் நான். நானே மன்னிச்சாப்பிறகு கோட்டுக்கு என்ன வேலை?"

நான் போகவில்லை. அதுதான் நடந்தது. ஒளிக்கவில்லை, ஓடவில்லை. வீட்டில் இருந்து கேம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

பொலிஸ் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றா. "சமாதானமாப் போட்டம் சேர். வடையும் சாப்பிட்டனாங்கள்." நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்திருந்தால் உன்னோடு பேசியதற்கும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள்.

பிறகு வழக்கு நடந்த நாளில் நீ செய்த வேலை இருக்கிறதே. பின்வரிசை வாங்கில் இருந்து எழும்பி நின்று நீதிபதியைப் பார்த்துக் கையை உயர்த்தினாய், வகுப்பில் பெடியன் உயர்த்துகிற மாதிரி. இருக்கச் சொன்னார்கள். நீ இருக்கவில்லை. கடைசியில் ஒரு பொலிஸ்காரர் வந்து தோளைத் தொட்டுத்தான் இருத்தினார். வெளியே வந்து கொதித்தாய். "என்ர தாடை, என்ர பல்லு. நான் கதைக்கேலாதோ? உது என்ன நாடடா?"

என் பதிவில் இரண்டு வரி விழுந்தது. ஒன்று, உன்னை அடித்தது. மற்றது, கோட்டுக்கு வராதது. புரபேஷன், அதாவது நன்னடத்தைக் காலம், முடிகிறவரை நீதான் என்னை அந்தக் கந்தோருக்குக் காரில் கொண்டுபோனாய், கொண்டுவந்தாய். நான் அடித்த ஆள் வெளியே என்னைக் காத்துக்கொண்டு நிற்கிறான் என்று அந்த ஒபிசருக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை.

தர்சினியை உனக்குத் தெரியும். ஸ்ரௌவ்வில்லில் நடந்த கலியாணத்துக்கு லண்டனில் இருந்து வந்தவள். அவளோடு கதைக்க எனக்குப் பயமாக இருந்தபோது நீயே போய், "தங்கச்சி, உவன் என்ர தாடையை உடைச்சவன், மற்றப்படி நல்லவன்" என்று சொல்லிக் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாய். கெடவில்லை. கலியாணம் கட்டினோம். கட்டி மூன்றாம் கிழமை அவள் திரும்பிப் போனாள். அவளுடைய அப்பாவுக்குக் கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அவளை விட்டால் அவருக்கு ஆளில்லை. அவள் இங்கே வர முடியாது. நான்தான் அங்கே போகவேண்டும்.

நான் போட்ட முதல் விசா விண்ணப்பத்தை மறுத்துத் திருப்பிவிட்டார்கள். என் விசா வேலையைப் பார்க்கிற லோயர் அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தா. "தம்பி, அடிச்சதைப் பெரிசா எடுக்கேல்லை. கோட்டுக்குப் போகாததைத்தான் பிடிச்சிருக்கினம். சட்டத்தை மதிக்காத ஆளாம். நீர் ஏன் போகேல்லை எண்டு ஆரும் சாட்சி சொல்லுவினமோ?"

நீ பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாய். "நான் சொல்லுவன் அக்கா. நான்தானே போகாதை எண்டு சொன்னனான்."

சொன்னாய். எழுதினாயா? முதல் தரம் நீ ரெக்ஸ்ற் பண்ணியது இன்னும் போனில் கிடக்கிறது. "இவர் என்னை அடித்தது ஒருக்காத்தான். ஆனால் நல்ல அடி." "உதையோ எழுதுறது?" என்று ஏசினேன். சிரித்துச் சிரித்து இருமினாய். பிறகு நீ சொல்லச் சொல்ல லோயர் அக்கா நல்ல ஆங்கிலத்தில் ரைப் பண்ணித் தந்தா. ஒரு பக்கம். கீழே கையெழுத்துக்குக் கோடு. ஞாயிற்றுக்கிழமை மட்சுக்கு வரும்போது போடுகிறேன் என்றாய். வியாழக்கிழமை ஒஷாவாவுக்கு வேலைக்குப் போகிற வழியில், கொட்டுகிற பனியில், உன் காருக்குப் பின்னால் வந்த ட்ரக் நிற்கவில்லை.

இதை உனக்குத்தான் சொல்ல முடியும். செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு நீ இல்லை. அந்தத் தாள். உன் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் உன் தலைமாட்டில் நிற்கும்போதும், உன் கையைப் பார்த்து, இந்தக் கை புதன்கிழமை ஒரு நிமிசம் பேனை பிடித்திருக்கலாம் என்றுதான் யோசித்தேன். வெட்கம் கெட்ட யோசனை. வந்ததுதான்.

தர்சினிக்கு விளங்கிவிட்டது. வீடியோவில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்கோ. அண்ணா செத்தது உங்களுக்குக் கவலையோ, கடிதம் இல்லாமப் போனது கவலையோ?"

நான் போனை வைத்துவிட்டேன். இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாளையும் ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்காதே. சாப்பாடு முடிந்து ஆக்கள் கலைந்த பிறகு, உன் அம்மாவே பேச்சை எடுத்தா.

"தம்பி, அவன் உனக்கு ஒரு கடிதம் தாறனெண்டவன். தந்தவனோ?"

"இல்லை அன்ரி. கையெழுத்துப் போடேல்லை."

"வைச்சிருக்கிறியே?"

எடுத்துக் கொடுத்தேன். ஒரு சொல்லும் விளங்காத அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவினா. பிறகு, "பேனை இருக்கே? என்ர பிள்ளை சொன்ன சொல்லு. நான் போடுறன்."

தடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தடுக்கவில்லை. பேனையை எடுத்துக் கொடுத்தேன், மூடியையும் கழற்றி.

அவ கண்ணாடியைப் போட்டு, மேசையில் கையை ஊன்றி, மெதுவாகத் தமிழில் எழுதினா. உன் கிறுக்கலை அல்ல. அப்பாவின் பெயரின் முதல் எழுத்து, புள்ளி, பிறகு உன் முழுப் பெயர், பிள்ளைகளின் கொப்பி மட்டையில் எழுதுகிற மாதிரி, உருண்டை உருண்டையாக. கோட்டுக்கு மேலே, நேராக. எழுதி முடித்து நிமிர்ந்து கேட்டா: "சரியே தம்பி?"

"ஓம் அன்ரி, சரி."

லோயர் அக்கா அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "உந்தத் தாளைக் குடுத்தா உம்மட பதிவில மூண்டாவது வரி விழும். விளங்குதோ?"

விளங்கியது. ஆனாலும் கேள். நேற்று நூலகத்துக்குப் போய் அதே பக்கத்தைக் கையெழுத்தில்லாமல் இன்னொரு கொப்பி அச்செடுத்தேன். உன் கிறுக்கல் எனக்குத் தெரியும். மட்ச் முடிய ஸ்கோர் தாளில் எத்தனை தரம் நீ போடப் பார்த்திருக்கிறேன். பழைய கடித உறையின் பின்பக்கத்தில் பத்துத் தரம் போட்டுப் பார்த்தேன். எட்டாவது அசலாக வந்தது. நீயே பார்த்திருந்தாலும் ஏமாந்திருப்பாய். செத்ததற்கு முந்திய திகதியைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

போடவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. பேனை தாளில் பட்டதும், நீ பின் வாங்கில் கையை உயர்த்திக்கொண்டு நின்றதுதான் வந்தது. உன்னைப் பேசவிடவில்லை என்று அப்படிக் கொதித்தாயே. உன் வாய்க்குள் என் சொல்லை வைக்க எனக்குக் கை வரவில்லை. உறையையும் அந்தக் கொப்பியையும் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

ஆகவே இன்றைக்கு ஃபைலில் இருப்பது நானே எழுதிய ஒரு பக்கம். நாங்கள் இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டோம், அதனால் வழக்கு முடிந்தது என்று நினைத்தேன், அதைச் சொல்லக்கூடிய ஆள் இறந்துவிட்டார். அவ்வளவுதான். கூட உன் மரணச் சான்றிதழின் கொப்பி. உன் அம்மா கேட்காமலே தந்தா. லண்டனில் ஒரு மேசையில் யாரோ அதை வாசிப்பான். நம்பினால் நம்புவான். நம்பாவிட்டால் நான் செய்ய ஒன்றுமில்லை. கத்த முடியாது, அடிக்க முடியாது. கையை உயர்த்திக்கொண்டு எழும்பி நிற்கக்கூட அங்கே ஒரு வாங்கு இல்லை.

உன் அம்மா எழுதிய தாள் ஃபைலுக்குள் இல்லை. அதைக் கொடுக்கவும் ஏலாது, கிழிக்கவும் ஏலாது. நாலாக மடித்து பேர்சுக்குள் வைத்திருக்கிறேன். பேர்ஸ் மூடுவதில்லை, காற்சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நிற்கிறது. கதிரையில் இருக்கும்போதெல்லாம் குத்துகிறது. போகிற இடமெல்லாம் அதுவும் வருகிறது, போகவிடாத இடத்து வாசல்வரைக்கும் வரும்.

தர்சினி கோல் எடுக்கிறாள். பத்தேகால் ஆகிவிட்டது, பஸ் வந்துவிடும். நான் இப்ப போகவேணும்.