டெஸ்ட் வாரச் சாப்பாடு

திங்கட்கிழமை காலை ரயிலில் ஏறியதுமே நெய் வாசனை அடித்தது. நம் லேடீஸ் பெட்டியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மைசூர்பாகு டப்பா ஒவ்வொரு கையாக வந்துகொண்டிருந்தது. நீ இருந்தால் ஓரத் துண்டாகப் பார்த்து எடுப்பாய், அதில்தான் முறுகல் அதிகம் என்பாய். உன் ஜன்னலோரத்தில் இப்போது ஒரு காலேஜ் பெண் காதில் வயரை மாட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

டப்பா என்னிடம் வரவில்லை. என்னைத் தாண்டி எதிர் சீட்டுக்குப் போனது.

"அக்காவுக்குக் குடுக்காதடி, சனிக்கிழமை டெஸ்ட்டு. அடுத்த வாரம் வாங்கிக்குவாங்க," என்றாள் எதிரில் இருந்தவள். நீ போய் வருடம் திரும்பிவிட்டது. நீ ஆரம்பித்து வைத்த டெஸ்ட் வாரம் மட்டும் சௌக்கியமாக இருக்கிறது.

உனக்குச் சேதி சொல்லவில்லையே. எனக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கிறது. ஆபீஸில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள், எனக்கு பார்டர் என்று வந்தது. நந்திதுர்க்கில் என் வீட்டுப் பக்கம் இருக்கும் டாக்டரம்மாவிடம் போனேன். "இது இன்னும் சுகர் இல்லம்மா, அதுக்கு முந்தின படி. இறங்கிடலாம். நடங்க, சோத்தக் கொறைங்க, எடையக் கொறைங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க," என்றார். வெளியே வந்து செருப்பைத் தேடினேன். எனக்கு நினைவுக்கு வந்தது உன் கால்தான்.

நீ டெஸ்டுக்குத் தயாரானது போல நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சைக்காவது தயாராகியிருக்க மாட்டோம். ஒரு வாரம் முன்னாலேயே உரிகம் ஸ்டேஷனில் அறிவிப்பாய், "ஏய், எனக்கு டெஸ்ட்டு வாரம்டி, எதுவும் காட்டாதீங்க." உடனே பெட்டி முழுக்கக் கட்டுப்பாடு வந்துவிடும். பங்காரப்பேட்டையில் ரயில் நிற்கும்போது உனக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ. சின்ன எவர்சில்வர் டப்பாவில் எலுமிச்சை அளவு கேழ்வரகுக் களி, மீதி இடமெல்லாம் கீரை, முளைகட்டின பயறு. முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்பாய். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் அளவு நன்றாகவே இருக்கும். "பாஸாயிட்டேன்டி!" என்று நீ ஏறும்போது நாங்கள் கை தட்டுவோம். மறுநாள் உன் செலவில் ஜிலேபி. அதிலிருந்து அடுத்த டெஸ்ட் வரை உன் டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும்தான்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட் ஒன்று இருக்கிறதாம். ஒரு வாரப் பத்தியமெல்லாம் அதனிடம் செல்லாது. உன்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லையா, சொல்லியும் நீ எடுக்கவில்லையா, தெரியாது. இரண்டாவதாகத்தான் இருக்கும். உன்னைப் பற்றித் தெரியாதா எனக்கு.

அப்புறம் புதுச் செருப்பு கடித்தது. "இன்னாடி பெரிய புண்ணு, வலியே இல்ல," என்றாய். வலிக்காததுதான் ஆபத்து என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. அதற்குப் பிறகு ஸ்கெலட்டன் காலனியில் உன் வீட்டு வாசலில் உன்னைத் துணி சுற்றி ஆம்புலன்ஸிலிருந்து இறக்கினார்கள். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நான் இந்த மூன்று மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தெருக்கோடி வரை போய் வருகிறேன். என் வீட்டுக்காரர் பாதி வழியில் கடையில் உட்கார்ந்துவிடுவார். சோறு கரண்டிக் கணக்குக்கு வந்துவிட்டது. முதல் மாதம் பசியில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன், இப்போது பரவாயில்லை.

திங்கட்கிழமை டப்பாவைக் கேட்டு வாங்கி, ஓரத்திலிருந்து நகக்கண் அளவு கிள்ளிக்கொண்டேன். எதிரில் இருந்தவள் பதறினாள். "அக்கா, டெஸ்ட்டு வாரம்க்கா!"

"எந்த வாரமும் இவ்ளோதாண்டி துண்றேன். இந்த வாரம் மட்டும் சாமியாரா இருந்தா யார ஏமாத்துறது?" என்றேன். உன் பெயரை யாரும் எடுக்கவில்லை, ஆனால் எல்லோரும் ஜன்னலோரம் பார்த்தார்கள்.

சனிக்கிழமை அந்த மூன்று மாத டெஸ்ட்தான் எடுத்தார்கள். கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பார்டரைத் தாண்டி இன்னும் கீழே வரவில்லை. "இறங்குது, இப்படியே போங்க," என்றார் டாக்டரம்மா. பாஸாகிவிட்டேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். நீ பாஸான ஒவ்வொரு தடவையும் நாங்கள் கை தட்டினோமே, ஒரே ஒரு தடவை நீ ஃபெயிலாகியிருந்தால் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்திருப்பாய்.

நாளை திங்கட்கிழமை. பயறு முளைகட்டி வைத்திருக்கிறேன், கீரை ஆய்ந்தாயிற்று. நீ முகம் சுளித்துத் தின்ற அந்த ஒரு வாரச் சாப்பாட்டை, எல்லா வாரமும் நான் கட்டிக்கொண்டு போகிறேன்.