நாம் தேர்ந்தெடுத்த தட்டைப் படகு

இன்று காலை மளிகைக் கடை வாசலில் காலித் தேயிலைப் பெட்டி ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பலகை பிளந்ததும் தேயிலையும் பசையும் கலந்த வாடை வந்தது. பருப்பு வாங்கப் போனவள், வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது. இந்த வீட்டில் பேச வேறு யாரும் இல்லை.

பிளைவுட் என்றால் அப்போதெல்லாம் நமக்கு டீப்பெட்டிப் பலகைதான். அதில் படகு செய்யப் போவதாக நீங்கள் சொன்னதும், அறந்தாங்கி பஸ் ஷெட்டில் உங்களோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் சிரித்தார்களாம். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லி நீங்களும் சிரித்தீர்கள்.

எல்லாம் அந்த மோட்டாரால் வந்தது. திருமயம் பக்கத்தில், பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு செட்டியார் வீட்டில் கார் பழுது பார்க்கப் போயிருந்தீர்கள். கார்க் கொட்டகை மூலையில், படகின் பின்னால் மாட்டுகிற மோட்டார் ஒன்று துருவேறிக் கிடந்திருக்கிறது. "சும்மாதானே கெடக்கு, கொண்டு போங்க" என்று கொடுத்துவிட்டார். கூடவே ஒரு கட்டு அமெரிக்கப் பத்திரிகைகளும் வந்தன. மோட்டாரைப் பிரித்துத் துடைத்து, கொல்லையில் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் மாட்டி ஓட்டினீர்கள். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்தது. அன்று அந்தம்மாவிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

பத்திரிகைகளில் மூன்று படகுகளின் வரைபடங்கள் இருந்தன. தரையில் விரித்து, பறக்காமல் ஸ்பானரை வைத்தீர்கள். எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதால் நான் படித்தேன். பாதிச் சொற்களுக்கு எனக்கும் அர்த்தம் தெரியாது. படத்தில் விரலை வைத்து இருவரும் ஊகித்தோம்.

முதல் படகு ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயப் படகு. "நான் எங்க உக்காருறதாம்?" என்றேன். உடனே பக்கத்தைத் திருப்பிவிட்டீர்கள். இரண்டாவது, அடிப்பாகம் தட்டையாக, மூக்குச் சதுரமாக இருந்தது. "மாட்டுத் தொட்டி மாதிரில்ல இருக்கு" என்றீர்கள். அலையில்லாத நீர்நிலைகளுக்கு மட்டும் ஏற்றது என்று அதன் கீழே போட்டிருந்தது. மூன்றாவது கூரிய மூக்கும் ஆழமான அடிவயிறுமாக ஐந்து பேர் உட்காரக்கூடியது. திறந்த கடலிலும் செல்லத்தக்கது என்று படித்தேன்.

"அத இன்னொரு தடவ படி."

படித்தேன். அந்த வரைபடத்தை மட்டும் தனியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

கடலோரக் கோட்டைப்பட்டினத்தில் உங்கள் சிநேகிதர் காதர் பாய் தன் வீட்டுக் கொல்லையைப் படகு கட்டத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். அவர் வரைபடத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இது மீன் புடிக்கிற படகு இல்லையே மெக்கானிக்கே. இங்கிட்டுக் கடலு இடுப்பளவுதான், பூராம் சேறு. இம்புட்டு ஆழமா அடி எதுக்கு? எங்கயோ தூரமாப் போறதுக்குல்ல பாக்குறீங்க?"

"ஒரு ஆசைதான் பாய்."

அவர் என்னைப் பார்த்தார். "அக்கரைக்குப் போனவுக ரெண்டு பேரு இன்னும் திரும்பலங்க. புடிச்சு உள்ள வச்சுட்டாங்கன்னும் சொல்றாக, கடலோட போயிட்டாகன்னும் சொல்றாக."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கரை என்றால் இலங்கை. அங்கே மாத்தளையில் என் தம்பி வீட்டில் ஆத்தா இருந்தாள். உங்களைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்தபோது கப்பலும் ரயிலும் ஏறினால் போதும். அதன்பின் பாஸ்போர்ட், விசா என்று ஆகிவிட்டது. நாம் எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பதிலே வரவில்லை. ஆத்தாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது என்று தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நான் அடுப்படியில் அழுததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் சொன்னேன்: "அந்தத் தட்டப் படகே போதுங்க."

"அது குளத்துல ஓட்டுறது."

"ஆத்தாவப் பாக்க முடியலன்னா பரவால்ல. நீங்க திரும்பி வரணும்."

அறந்தாங்கி வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் காலை பஸ் ஷெட்டுக்குப் போகுமுன், மாட்டுத் தொட்டியின் வரைபடத்தை எடுத்து என் முன்னால் போட்டு, "அளவெல்லாம் படி, எழுதிக்கிறேன்" என்றீர்கள்.

பலகை கேரளத்திலிருந்து லாரியில் வந்தது. காதர் பாய் கொல்லையில் நீங்கள் அறுத்தீர்கள், நான் பசை பூசினேன். மழைக்காலம் முடிந்து அலை அடங்கியதும் கடலில் விட்டோம். விடுமுறை நாட்களில் கரையை ஒட்டியே ஓட்டுவோம். கரையில் பிள்ளைகள் கூடவே ஓடி வருவார்கள். தட்டைப் படகு அசைவது குறைவு. நீங்கள் எழுந்து நின்றுகொண்டேகூட ஓட்டுவீர்கள்.

ஆத்தா போய்விட்டாள் என்று தந்தி வந்தபோது, அங்கே அடக்கமே முடிந்திருந்தது. "கெளம்பு" என்றீர்கள். கோட்டைப்பட்டினத்தில் இறங்கி நேரே படகுக்குப் போனோம். அன்று கரையை ஒட்டி ஓட்டவில்லை. கிழக்கே விட்டீர்கள். தென்னைகள் சிறுத்து, கரை ஒரு கோடாகிப் போனது. அங்கே மோட்டாரை நிறுத்தினீர்கள்.

"இதுக்கு மேல இந்தப் படகு தாங்காது. ஆத்தா அங்கிட்டுத்தான் இருந்துச்சு. கூப்புடு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றிலும் தண்ணீர்தான். ஒருமுறை கூப்பிட்டதும் பிறகு நிறுத்த முடியவில்லை. நீங்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றீர்கள். "அத்தே, ஒங்க மகளக் கூட்டிட்டு வர முடியல" என்றீர்கள். என் அழுகை ஓயும்வரை மோட்டாரைத் தொடவில்லை.

போன தையில் நீங்கள் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பின் உலையில் அரிசி போடும்போதெல்லாம் கை தானாக அதிகமாக அள்ளுகிறது. மீதியை மறுநாள் நீராகாரமாகக் குடிக்கிறேன்.

சென்ற வாரம் காதர் பாய் வந்தார். படகை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். "ஒரு தடவ வாங்கம்மா, கூட்டிட்டுப் போறேன்" என்றார். போனேன். கரை கோடாகும்வரை ஓட்டினார். நான் ஒன்றும் கேட்காமலே மோட்டாரை நிறுத்திவிட்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பழக்கத்தில் கிழக்கே பார்த்தேன். அது ஆத்தாவின் திசை. உங்களுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. கரையைப் பார்த்தேன், தெற்கே பார்த்தேன். "கூப்புடு" என்று அன்று நீங்கள் சொன்ன குரல் மட்டும் அப்படியே காதில் இருந்தது.

எந்தப் பக்கமும் திரும்பாமல், இருந்த இடத்திலேயே, "ஏங்க" என்றேன்.