அறுநூற்றுப் பதினேழு புள்ளிகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. வரைபடத்துக்காக உனக்கு விருது என்ற செய்தியைப் பத்திரிகையில் வாசித்துக் காட்டினேன்; இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

அன்று தொலைபேசியில் பாதி சொல்வதற்குள், "விழா முடியட்டும்க்கா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாய். மீதி இதுதான்.

ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன பழைய ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் கிடைத்த அறுநூற்றுப் பதினேழு இடங்களைப் பழைய அகழாய்வு அறிக்கைகளில் தேடி, உன் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தவள் நான். அதை இணையத்தில் விடுமுன், காவல் குறைந்த இடங்களைக் கொஞ்சம் நகர்த்திவிடலாம் என்றேன். "பத்தடி தள்ளிப் போனாலும் அதுக்குப் பேரு வரைபடம் இல்லக்கா, கிறுக்கல்" என்று சிரித்தாய். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம், நீ தங்கி ஆராய்ந்த அந்த மண்மேட்டைத் திருடர்கள் தோண்டிவிட்டார்கள். பிடிபட்டவன் சட்டைப்பையில் நம் வரைபடத்தின் அச்சு இருந்ததாம். தடுக்கப் போன காவல்காரரை மண்வெட்டியால் அடித்திருக்கிறார்கள். நீ காய்ச்சலில் கிடந்தபோது பதினோரு நாள் தன் கட்டிலை உனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாரே, அவர்தான். இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னைக் கேட்டார்: "அங்க என்ன இருக்குன்னு பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரியாதும்மா. இவனுங்களுக்கு யாரு சொன்னா?" நான் காவல்காரரின் கட்டிலருகே போய், "தம்பியோட அக்கா வந்திருக்கேன்" என்றேன். என் குரல் கேட்டதும் அவர் திரும்பி, "தம்பிக்குச் சொல்லிடாதீங்க. படிக்கிற புள்ள, மனசு ஒடஞ்சிடும்" என்றார். உன் மனசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று எல்லாப் புள்ளிகளையும் அருகிலுள்ள பெரிய ஊர்களுக்கு நகர்த்திவிட்டேன். நடந்ததைத் தொல்லியல் துறை மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். தவறு செய்தவர்கள் என்று என் பெயரை முதலிலும் உன் பெயரை அடுத்தும் போட்டிருக்கிறேன். வரைபடத்தில்தான் என் பெயர் எங்குமே இல்லை, இதிலாவது இருக்கட்டும்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். விழாவில் கை தட்டுவார்கள், வாங்கிக்கொள். அது முடிந்த பிறகாவது ஒருமுறை வந்து அவர் பக்கத்தில் உட்கார். வந்திருப்பது நீதான் என்று வாய் திறந்து சொல். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

உடம்பையும் கண்ணையும் பார்த்துக்கொள். நன்றாக இரு.

உன் அக்கா