கதவில் ஒட்டிய நம்பர்

பெரியவனுக்கு,

உன் தம்பியைத் திருடனாக்கப் பார்ப்பது போலீஸ் இல்லை, நீதான். இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்க மனம் வருகிறது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் பேசினால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய், முழுதாகச் சொல்கிறேன். இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவன் சின்னவனின் பூட்டுக்கடைக்கு வந்து, வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று அவனை ஒரு மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போயிருக்கிறான். சின்னவன் பூட்டைத் திறந்து கொடுத்தான், எப்போதும் போலக் கதவின் உள்பக்கம் கடைப் பெயரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்தான். அது அந்தச் சட்டைக்காரன் வீடே இல்லை. அவன் உள்ளே இருந்த நகையோடு போய்விட்டான். போலீஸ்காரர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் போன் செய்ய, சின்னவனோ பேசுவது யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து "ஆமா சார், நான்தான் திறந்தேன், வேற ஏதாவது பூட்டு இருக்கா" என்று கேட்டிருக்கிறான். "நம்பரை ஒட்டிட்டுத் திருடுற திருடனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று அப்பா சிரித்தார், அன்று வீட்டில் சிரித்தது அவர் ஒருவர்தான்.

நீ என்ன செய்தாய்? "ஒத்துக்கடா, முதல் தடவைதானே, அபராதத்தோட விட்டுடுவாங்க, வெளியில யாருக்கும் தெரியாது" என்று அவனிடம் சொல்லியிருக்கிறாய். அவனும் "அண்ணன் படிச்சவரு, தெரியாமலா சொல்வாரு" என்று திரிகிறான். நீ படித்தது கணக்கு. நான் பதினோரு வருஷமாக, இவன் வழக்கு வரப்போகிற அந்தக் கோர்ட்டைக் கூட்டித் துடைக்கிறேன். ரப்பர் செருப்பு போட்டவர்கள் வரிசையாக வந்து நாலு நிமிஷத்தில் "ஆமாங்க" சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஷூ போட்டவன் ஒருவனும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாள் கூலி போகக் கூடாதென்று ஆமாம் சொன்ன ஒருவன், போன இடமெல்லாம் வேலை கிடைக்காமல் திரும்ப அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன், அவன் காலடியில்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்கம் கொடுத்த வக்கீல் சின்னப் பெண், ஜிப் அறுந்த பையோடு வருகிறாள், ஆனால் பேச்சில் பிசிறு இல்லை. "திறந்தது குத்தம் இல்லம்மா, திருடத்தான்னு தெரிஞ்சு திறந்தாத்தான் குத்தம். தெரியும்னு அவங்கதான் நிரூபிக்கணும், தெரியாதுன்னு நாம நிரூபிக்க வேண்டியதில்ல" என்றாள். ஒப்புக்கொண்டால் அபராதம்தான், ஆனால் திருட்டுக்கு உடந்தை என்று பேரில் ஏறிவிடும், பூட்டுக்கடை லைசென்ஸ் போய்விடும், பிறகு எவன் இவனை வீட்டு வாசலில் நிற்க விடுவான்? வழக்கை நடத்தித் தோற்றால் மூன்று வருஷம் வரை உள்ளே இருக்க வேண்டி வரலாம், அதையும் அவள் மறைக்கவில்லை. தோற்க மாட்டோம். ஸ்டிக்கர் இருக்கிறது, எதிர் மருந்துக்கடைக் கேமராவில் அந்தச் சட்டைக்காரன் வந்து கூப்பிட்டது இருக்கிறது.

இல்லாதது ஒன்றுதான். திங்கட்கிழமை பத்தரை மணிக்கு நீதிபதி கேட்கும்போது "நான் குற்றம் செய்யவில்லை" என்று சொல்லச் சின்னவனுக்கு வாய் வர வேண்டும். நானும் வக்கீலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம், "அண்ணன் சொன்னதையே செஞ்சிடறேம்மா" என்கிறான். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவனுக்கு உன் பேச்சுதான் பேச்சு.

உன் வேலையும் குடும்பமும் நன்றாக இருக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

கோபத்திலும் உன் நலத்தையே நினைக்கும்
அம்மா

திங்கட்கிழமைக்கு முன்னால் சின்னவனுக்குப் போன் செய். "நான் சொன்னது தப்புடா" என்று உன் வாயால் சொல். சொல்வாயா, மாட்டாயா?