மாமா இறங்கிய சாய்தளம்

என்னங்க,

நேற்றுக் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டீர்கள். எழுப்ப மனம் வரவில்லை, பட்டறைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. பெயிண்டர் வந்தால் பின்கதவைத் திறந்துவிடுங்கள்.

"கிடைச்ச மரத்த வச்சு சாய்தளத்த அடிச்சிருந்தா அப்பா எப்பவோ வெளிய வந்திருப்பாரு"ன்னு கத்தினீர்களே, பக்கத்து வீட்டுப் படியைப் பார்த்தீர்களா? அதுவும் கறையான் மருந்தேற்றிய மரம்தான். ஈரத்தோடு அடித்ததால் பலகை முறுக்கி, ஸ்குரூவெல்லாம் தலைதூக்கி நிற்கிறது. மாமாவின் சக்கர நாற்காலி அதில் ஏறினால் என்ன ஆகும்? அதனால்தான் மருந்தேற்றிய பின் சூளையில் காயவைத்த மரம் வரட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கறையான் அண்டாது, எளிதில் கோணாது. காய்ந்த மரமென்பதால் கைப்பிடிக்கு இன்றைக்கே பெயிண்ட் அடிக்கலாம்.

விடிந்ததும் மாமா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு, நான் அடித்து முடித்த சாய்தளத்தில் தோட்டத்துக்கு இறங்கிவிட்டார். பலகை அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "யாரு செஞ்சது?" என்றார்.

"என் மருமக! வேற யாரு?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் மாமா. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பி.கு: மாமா இன்னும் பக்கத்து வீட்டுக்காரரோடு வெளியேதான் பேசிக்கொண்டிருக்கிறார், உள்ளே வரமாட்டாராம். காபியை அங்கேயே கொண்டுபோங்கள். அவர் பக்கத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.