டயர் டாக்டர் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

லா பாஸ்
8 அக்டோபர் 1996

என் செல்ல மகள் யாதிராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் கோழிகளும் சௌக்கியம். சேவலுக்கு மட்டும் கொஞ்சம் தலைக்கனம். பொகோட்டா குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகிறாயா?

போனில் பேசலாம் என்கிறாய். போனில் நான் கத்துகிறேன், நீ "ம்" என்கிறாய், போன் ஆபீஸ் வரிசையில் நிற்கிற ஊர் முழுக்க நம் வீட்டு விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டுகிறது. கடிதம்தான் மேல். உபால்தோ தன் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறான். பதிலுக்கு நான் அவன் சக்கரங்களுக்குக் காற்றடிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் விளம்பரம் போட்டுவிட்டார்கள். பாடகர் ரமிரோ பிராச்சோவின் வாழ்க்கைப் படம், வரும் 20ஆம் தேதி ஞாயிறு இரவு. கடைசியில் எழுத்து ஓடும்போது என் டோமினோ கூட்டாளி சோய்லோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குள் தலையை விடாத குறையாகப் பார்த்து, "யோவ் அதனாசியோ, எழுதினது உன் பொண்ணுய்யா!" என்று கத்தினான். நான் ஐந்தாம் வகுப்பை முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்பு என்னை முடித்துவிட்டது. என் மகள் டிவிக்கே கதை எழுதுகிறாள். எங்கிருந்து வந்தது இந்த மூளை? உன் அம்மாவிடமிருந்துதான். என்னிடம் இருந்திருந்தால் அது இன்னும் என்னிடமே இருந்திருக்குமே.

என் கதையைப் படத்தில் வைத்தாயா, இல்லையா? உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எத்தனை மேயர்கள், எத்தனை மாட்டுப் பண்ணைக்காரர்கள், பாட்டின் நடுவே ரமிரோ தங்கள் பெயரைக் கூவி வாழ்த்தமாட்டானா என்று அவன் பின்னாலேயே அலைந்தார்கள்! அவனோ, வேன் பஞ்சராகி நம் டயர் கடை வாசலில் நின்ற ஒரே ஒரு மத்தியானத்துக்காக, அடுத்த வருஷ ரெக்கார்டில், அக்கார்டியன் இழுக்கிற இடைவெளியில், "லா பாஸில் என் அதனாசியோ ரோபிள்ஸ், டயர் டாக்டரே!" என்று கூவினான். மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியை வைத்துத்தான் இருபது வருஷமாக இந்த ஊரில் காலரைத் தூக்கிவிட்டுத் திரிகிறேன்.

ரேடியோவில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் உன் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்று என்ன சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? "காப்பி போட்டுக் குடுத்தது நான். ரொட்டி சுட்டுக் குடுத்தது நான். ஒட்டுப் போட்ட ஆளுக்குப் பேரா?" சாகிறவரை அந்த வழக்கை அவள் வாபஸ் வாங்கவில்லை.

படத்தில் எனக்குத் தொப்பை வேண்டாம் என்று சொல்லிவை. முடி கொஞ்சம் இருந்தால் நல்லது.

இன்னொன்று. நவம்பர் 16, சனிக்கிழமை, அம்மாவுக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. அடக்கம் முடிந்த மறுநாள் போனவள் நீ. வந்துவிடு.

உன் அப்பா,
அதனாசியோ

*

பொகோட்டா
15 அக்டோபர் 1996

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதமும் அல்மொஹாபனா ரொட்டிகளும் வந்தன. ஆபீஸில் ஒரு நொடியில் காலி. சீஸ் போட்ட ரொட்டி இப்படிக்கூட இருக்குமா என்று இங்கே எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

உங்கள் கதை இருக்கிறது. ஆனால் சினிமாவில் ஒரு பஞ்சர் போதாது என்றார்கள். அதனால் உங்களை ரமிரோவின் உயிர் நண்பராக்கியிருக்கிறேன். இன்னும் சில மாற்றங்களும் உண்டு.

ஒரு வேண்டுகோள், அப்பா. ஊரைக் கூட்டாதீர்கள். தனியாகப் பாருங்கள். கடைசிப் பாட்டு முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.

பூசைக்கு வருவது கஷ்டம் என்று நினைக்கிறேன். வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

உங்கள்,
யாதிரா

*

லா பாஸ்
23 அக்டோபர் 1996

என் மகள் யாதிராவுக்கு,

செத்துப்போன உன் அப்பா எழுதுவது.

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. உபால்தோ அதை சீட்டுக்கு அடியில் போட்டு மறந்துவிட்டானாம். "தனியாகப் பாருங்கள்" என்று நீ எழுதியதை நான் படிப்பதற்குள், படத்தைப் பாதி ஊரோடு உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டேன். முடித்துவிட்டேன் என்பதும் பொய். அதைச் சொல்கிறேன்.

கோயிலிலிருந்து நாற்காலி வாங்கி வந்து கொல்லையில் போட்டேன். ஒட்டுப் போடுகிற மேஜை மேல் டிவி. பக்கத்து வீட்டு திக்னா அக்கா ஒரு அண்டா ஆட்டுக்கறி சூப் வைத்தாள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

நான் வந்தேன். அடேயப்பா, என்ன உயரம், என்ன மீசை! திக்னா அக்கா அங்கிருந்தே, "அதனாசியோ, இந்த முடியெல்லாம் எந்தக் கடையில அடகு வச்சே?" என்றாள். அப்புறம் நானும் ரமிரோவும் ஆற்றில் மீன் பிடித்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவன் காதலிக்கு நான் தூது போனேன். மகளே, நான் தூண்டில் முள்ளைத் தொட்டதுகூட இல்லை. ரமிரோவை நான் பார்த்தது அந்த ஒரு மத்தியானம், அதிலும் முக்கால்வாசி நேரம் என் தலை வேனுக்கு அடியில் இருந்தது. அவன் முகத்தைவிட அவன் ஷூதான் எனக்கு நன்றாக ஞாபகம். ஆனால் எல்லோரும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாமா" என்று தலையாட்டினேன். எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை மீன் பிடித்தேனோ என்று.

பிறகு என்னைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "பாருய்யா, வேலைக்குப் போகாம படுத்துக்கிட்டான்." அப்புறம் கட்டிலுக்குக் கீழே அந்த நீலப் பேசினைக் காட்டினார்கள். ஜன்னல் திரையை விலக்கச் சொன்னேன், மாமரம் தெரிய வேண்டுமென்று. ரேடியோவை நிறுத்தாதே, மெதுவாக வை என்றேன். திக்னா அக்கா என் தோளில் கை வைத்தாள். அவளும் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவள்தானே.

படத்தில் அந்த மீசைக்காரன் தலையைத் தூக்கி, "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டான்.

கரண்ட் போய்விட்டது.

தெரு முழுக்க இருட்டு. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சோய்லோதான் பேசினான்: "யாராவது ஒரு மெழுகுவத்தி ஏத்துங்கப்பா. செத்தவனுக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு."

கரண்ட் மறுநாள்தான் வந்தது. படத்தின் முடிவை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். பக்கத்து ஊர் சான் தியேகோவில் கரண்ட் இருந்ததாம். அங்கிருந்து வந்த ஒருவன் நான் பிழைத்துக்கொண்டேன் என்கிறான். இன்னொருத்தி ரமிரோ என் மகளையே கட்டிக்கொண்டான் என்கிறாள். திக்னா அக்கா, சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது போல, காப்பித்தூளும் சர்க்கரையும் கொண்டுவந்து வைத்தாள். "அக்கா, நான் இங்கதானே இருக்கேன்?" என்றேன். "தெரியுதுடா. மனசு கேக்கலை" என்று சொல்லிவிட்டு ஒப்பாரிக்குத் தயாரானவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள். டோமினோ ஆடப் போனால் சோய்லோ என் காய்களை எடுத்துக்கொண்டு, "செத்தவன் எப்படிய்யா ஆடுவே? போய்ப் படு" என்கிறான். கொதாசியிலிருந்து ஒரு லாரிக்காரர் வந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, இனி கடையை யார் நடத்துவார்கள் என்று என்னையே கேட்டார். "அவரோட தம்பி" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். மற்றதுதான் எனக்குப் புரியவில்லை, யாதிரா.

அந்தக் கட்டில் என்னுடையதல்ல. நீலப் பேசின், மாமரம், மெதுவான ரேடியோ எல்லாம் போன டிசம்பரில் நான் உனக்கு எழுதியவை. நீ கேட்டாய் என்று எழுதினேன். "பஸ் வந்துடுச்சா" என்று கேட்டவள் உன் அம்மா. பகல் முழுக்கக் கேட்டாள். நான் ஒவ்வொரு முறையும் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வந்துடும்" என்றேன்.

அன்று இருட்டில் நானும் அழுதேன். நான் சாகிறேன் என்று அழுதேனா, அவள் மறுபடி சாகிறாள் என்று அழுதேனா, எனக்கே தெரியவில்லை. கோபப்படலாம் என்று பார்த்தால் யார் மேல் என்று தெரியவில்லை. அவள் சாவை எடுத்து எனக்கு ஏன் கொடுத்தாய்? அவளுக்கென்று கடைசியாக இருந்தது அது ஒன்றுதானே.

குறைந்தபட்சம் இதையாவது சொல். படத்தில் அந்த பஸ் வந்ததா, இல்லையா?

அப்பா

*

பொகோட்டா
31 அக்டோபர் 1996

அப்பா,

பஸ் வந்தது.

படத்தில் வரும் மகள் பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவருகிறாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்க்கிறார். "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் படம் முழுவதையும் எழுதினேன். சரியாக அங்கே லா பாஸில் கரண்ட் போகும் என்று நான் எங்கே கண்டேன்!

ரமிரோவின் அந்தச் சோகப் பாட்டுக்கு முன்னால் ஒரு சாவு வேண்டும் என்று சானலில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த சாவு ஒன்றுதான். அதுவும் நான் பார்த்ததல்ல, நீங்கள் எழுதிக் காட்டியது. அதில் அம்மாவைப் படுக்கவைக்க என் கை ஓடவில்லை. ஒரு தடவை போனது போதாதா? உங்களைப் படுக்கவைப்பது சுலபமாக இருந்தது, அப்பா. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டிக் கடிதம் எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதினீர்கள்.

அன்று நான் வந்த பஸ்ஸின் டயர் பைலித்தாஸ் தாண்டி வெடித்தது. வேறு டயர் இல்லை. வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். டயர் டாக்டரின் மகள். இதைப் படத்தில் வைத்திருந்தால், நம்புகிற மாதிரி இல்லை என்று வெட்டியிருப்பார்கள்.

பூசைக்கு வேலை என்று சொன்னது பொய். இந்த வருஷத்தில் இரண்டு தடவை டிக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை போனேன். ஏற முடியவில்லை. வந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், தெரியும். காப்பி கொடுப்பார்கள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்த அந்த அறையைத் தாண்டித்தானே சமையலறைக்குப் போக வேண்டும்? என்னை விட்டுவிடுங்கள், அப்பா.

உபால்தோவிடம் ஒரு கேசட் கொடுத்தனுப்புகிறேன். ரமிரோவாக நடித்தவர் படத்துக்காகப் புதிதாகப் பாடிய கடைசிப் பாட்டு. அக்கார்டியன் இரண்டாவது தடவை வரும்போது சத்தத்தைக் கூட்டுங்கள்.

யாதிரா

*

லா பாஸ்
10 நவம்பர் 1996

என் கண்ணே யாதிரா,

நம் வீட்டு டேப் ரெக்கார்டர் கேசட்டைப் பார்த்தால் பசி வந்ததுபோல நாடாவைத் தின்றுவிடும், உனக்குத் தெரியும். அதனால் ஒட்டுப் போட வந்த ஒரு லாரிக்குள் ஏறி, அந்த டிரைவரின் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டேன். கூடவே சோய்லோவும் ஏறிக்கொண்டான். திக்னா அக்கா ஏற முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு நன்றாக இருந்தது. ரமிரோ அளவுக்கு இல்லை. அக்கார்டியன் முதல் தடவை வந்தது, ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை வந்தது. நான் சத்தத்தைக் கூட்டினேன்.

"லா பாஸில் எல்வியா அம்மாவுக்கு! அந்தக் காப்பிக்கும் ரொட்டிக்கும்!"

திக்னா அக்காதான் கீழேயிருந்து, "அப்பாடா, எல்வியா கேஸை ஜெயிச்சுட்டா!" என்று கையைத் தட்டினாள். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருங்க அந்த எல்வியா?" என்றான். "என் பொஞ்சாதி" என்றேன். "அப்ப நீங்க?" என்றான். "நான் டயருக்கு ஒட்டுப் போட்ட ஆளு" என்றேன். ரீவைண்ட் செய்து ரீவைண்ட் செய்து கேட்டதில் பாவம் அவனுக்கு அன்றைக்கு சாந்தா மார்த்தா போய்ச் சேர ராத்திரியாகியிருக்கும்.

படத்தை நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. மறுபடி போடுவார்களாம், போடட்டும். மீன் பிடித்த விஷயம் எனக்கு இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஊரும் தெளியவில்லை. என்னைப் பார்த்துப் பாதிப்பேர் வாழ்த்துச் சொல்கிறார்கள், பாதிப்பேர் அனுதாபம் சொல்கிறார்கள். நான் இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த அறையைப் பற்றி எழுதியிருந்தாய். ஒன்று உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தோன்றியது. கடைசியில் அவள் பஸ்ஸைக் கேட்பதை நிறுத்திவிட்டு, உன் பழைய போர்வையை வெயிலில் போடச் சொன்னாள். "புள்ளை குளிர் ஊர்லேர்ந்து வருது, ஈரப் போர்வையில படுக்கும்" என்றாள். கேட்டுக் கேட்டு ஏமாந்து போனவள் அப்படிச் சொல்வாளா? நீ வருகிறாய் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நான்தான் வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கொண்டு, எல்லாவற்றையும் தலைகீழாகப் புரிந்துகொண்டேன் போலிருக்கிறது. அது எனக்குப் புதிதல்ல.

போர்வையை நேற்றும் வெயிலில் போட்டேன். சேவல் அதன் மேல் ஏறி நின்றது, துரத்திவிட்டேன்.

இன்று காலை உபால்தோ இந்தக் கடிதத்தை வாங்க வந்தான்; இந்தக் கடைசிப் பகுதியை அவனைக் காக்கவைத்துவிட்டு எழுதுகிறேன். "இறங்குடா" என்றேன். பயணிகளையும் இறக்கச் சொன்னேன். கடையிலிருந்த நல்ல டயர்களை எடுத்து முன்னால் இரண்டும் பின்னால் நாலும் மாற்றிவிட்டேன். ஸ்டெப்னிக்கு ஒன்று, அதற்குத் துணையாக இன்னொன்று. பயணிகள் சூப் குடித்துக்கொண்டே திட்டினார்கள். உபால்தோ, "அண்ணே, கம்பெனில கேட்டா நான் என்ன சொல்ல?" என்றான். "செத்த மனுஷன் மாட்டினதுன்னு சொல்லு" என்றேன்.

அந்த பஸ்தான் வியாழக்கிழமை சாயங்காலம் பொகோட்டாவிலிருந்து திரும்பக் கிளம்புகிறது. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டை உனக்கென்று வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். ஏறினால் ஏறு. ஏறாவிட்டால் அந்த சீட்டில் வேறு யாரையும் உட்காரவிடாமல் காலியாகவே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நான் வாசலில் நிற்பேன்.

பைலித்தாஸ் தாண்டும்போது வெளியே பார்க்காதே. தூங்கு. அந்த பஸ் எங்கேயும் நிற்காது.

உன் அப்பா,
அதனாசியோ
(உயிரோடு)