ஆஃப் காட்டும் கைப்பிடி

மார்ச் 3

அருமைத் தங்கைக்கு,

நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் வயிற்றில் அடிக்கிறவர்களுக்கு ஆயுசு கெட்டி.

உன் லேபுக்கு அனுப்பிய எங்கள் ஐசொலேட்டர் சுவிட்ச் திரும்பி வந்துவிட்டது. ஃபோர்மேன் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "அம்மா, ஃபெயில்னு போட்டிருக்காங்க" என்றார், வீட்டில் இழவு விழுந்ததைச் சொல்வதுபோல. என் வீட்டுக்காரர் அந்தப் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு மோல்டிங் ஷெட்டுக்குப் போனவர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "இதைப் பத்தி நாம பேசக் கூடாதுக்கா" என்று ஒரே பாட்டு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினாலாவது படிப்பாய்.

அப்பா ஆரம்பித்த கம்பெனி இது. அந்தச் சுவிட்சுக்கு முதல் டிராயிங் போட்டவளே நீதான். அது உன் லேபுக்கு வந்து தோற்றுப் போகிறது, நீ பக்கத்து அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறாய். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உனக்கு அதுவும் ஆடவில்லை.

நூல் மில்காரர்கள் புது ஷெட் முழுவதற்கும் எங்களிடம்தான் சுவிட்ச் கேட்டிருக்கிறார்கள். சான்றிதழ் வந்தால்தான் சரக்கு எடுப்பார்கள். மறுபடி சோதிக்கச் சொல்லி அந்த இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை சொல். உன்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

உங்கள் பெட்டி வந்த அன்றே, இது என் அக்காவின் கம்பெனி, நான் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டேன். சோதித்தவருக்கு நீ யார் என்றே தெரியாது. அவரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். உன் கடிதத்துக்கு ஒரு நகல், இந்தப் பதிலுக்கு ஒரு நகல், இரண்டையும் எங்கள் மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் விதி அப்படி.

ஃபெயில் என்ற சொல்லைத் தாண்டி நீ ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை என்று தெரிகிறது. அதில் இருப்பதைத்தான் இங்கே சொல்கிறேன், புதிதாக எதுவும் இல்லை.

மெஷினுக்குள் கையை விட்டு வேலை செய்யப் போகிறவன் முதலில் சுவிட்சை ஆஃபுக்குத் திருப்புவான். அந்தக் கைப்பிடியிலேயே பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வான். உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பார்ப்பது கைப்பிடியை மட்டும்தான். சில சமயம் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற கான்டாக்டுகள் சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். அப்போது கைப்பிடி ஆஃபுக்குப் போகவே கூடாது. பூட்டு மாட்ட இடம் கொடுக்கக் கூடாது. வர மாட்டேன் என்று பாதியில் நிற்க வேண்டும்.

லேபில் கான்டாக்டை வேண்டுமென்றே ஒட்டவைத்துவிட்டு, முரட்டு ஆள் திருப்புகிற பலத்தோடு கைப்பிடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். உங்கள் சுவிட்சில் கைப்பிடியையும் கான்டாக்டையும் இணைக்கிற கப்ளிங் பிளாஸ்டிக். அது முறுக்கிக்கொண்டது. கைப்பிடி ஆஃபில் போய் உட்கார்ந்தது, பூட்டும் ஏறியது, உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கப்ளிங்கை ஸ்டீலில் போட்டு மறுபடி அனுப்புங்கள். வேறு வழி கிடையாது. மாமாவைச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 4

நகல் எடுத்துக் கொடுக்கும் தங்கைக்கு,

உடன்பிறந்தவள் வயிறெரிந்து எழுதியதை உன் மேலாளர் படித்து ரசித்தாரா? நான் எழுதியதில் எழுத்துப்பிழை ஏதாவது இருந்ததா என்று கேட்டுச் சொல். ஊரில் எத்தனையோ அக்கா தங்கை சண்டை பார்த்திருக்கிறேன். நடுவில் ஃபைல் போட்டுக்கொண்டு சண்டை போடுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. உலகத்தில் உன் லேப் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாயே, வேறொரு லேபில் எங்கள் சுவிட்ச் பாஸாகிவிட்டது. ஸ்டீல் கப்ளிங்தான், உன் ஆசைப்படியே. உன் மாமாவே முன்னால் நின்று செய்தார். சான்றிதழை ஃப்ரேம் போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். முத்திரை குத்தி மில்லுக்கு முதல் லாரி போய்விட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் மாமாவோடு வாய்த்தகராறு செய்துவிட்டு, டிராயிங் மேஜையை அப்படியே போட்டுவிட்டுப் போனாய். அந்தக் கோபத்தைத்தான் இப்போது சோதனை, விதி என்று பெயர் வைத்துத் தீர்த்துக்கொள்கிறாய். குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக் காம்பு என்று அத்தை சொன்னபோது, "அவ சின்னப் பொண்ணு, விடுங்க" என்று உனக்காகப் பேசியவள் நான். இனிமேல் பேச மாட்டேன்.

பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. ஜூலையில். சித்திக்கு முதல் பத்திரிகை என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். என் மகளுக்கு உன்னைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு என் ஆசிகள். அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று பலமுறை பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் வீட்டு மோட்டாருக்கு வயர் வாங்க எலக்ட்ரிகல் கடைக்குப் போயிருந்தேன். அலமாரியில் உங்கள் சுவிட்ச் இருந்தது, புது முத்திரையோடு. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஒன்று வாங்கி வந்தேன். வீட்டில் ஸ்குரூடிரைவரை எடுத்துத் திறந்தேன்.

உள்ளே பிளாஸ்டிக் கப்ளிங்.

வெளியே ஸ்டீல் கப்ளிங்குக்குக் கொடுத்த முத்திரை, உள்ளே எங்கள் லேபில் தோற்ற அதே வெள்ளைப் பிளாஸ்டிக். லேபுக்கு ஒரு சாமான், சந்தைக்கு ஒரு சாமான். நான் அன்றைக்கு மாமாவோடு சண்டை போட்டது எதற்கென்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. இதற்குத்தான். "டிராயிங் போடறதோட உன் வேலை முடிஞ்சுது. எதுல செய்யணும்னு எனக்குத் தெரியும்" என்றார். என் பெயர் போட்ட டிராயிங்கில் ஸ்டீல் என்பதை அடித்துவிட்டு அவர் கையால் பிளாஸ்டிக் என்று எழுதினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

நீ எனக்காக ஒன்றே ஒன்று செய். மாமாவைக் கேட்காதே, ஃபோர்மேனையும் கேட்காதே. பேக்கிங் மேஜையிலிருந்து நீயே ஒன்றை எடுத்துத் திறந்து பார். பார்த்துவிட்டு, போன சரக்கையெல்லாம் திரும்ப வாங்கு. இந்த மாதம் முடியும்வரை காத்திருக்கிறேன். அதற்குள் நீ எதுவும் செய்யாவிட்டால் முத்திரை கொடுத்த ஆபீஸில் நான் புகார் எழுதுவேன். முன்கூட்டிச் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தங்கை


மே 12

யாருக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் மேலே ஒன்றும் போடவில்லை.

நல்ல பெயர் இருக்கிற கம்பெனியின் சாமானை நகல் அடித்து விற்கிறவர்கள் ஆயிரம் பேர். ஏதோ ஒரு கடையில் ஒரு டூப்ளிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எனக்குக் கெடு வைத்து மிரட்டுகிறாய். உன் கடிதத்தை உன் மாமாவிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "உன் தங்கச்சிக்கு நாம நல்லா இருக்கறது பொறுக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் பெருந்தன்மை அது. எனக்கு அது கிடையாது.

பேக்கிங் மேஜைக்குப் போய் என் கம்பெனிச் சாமானை நானே வேவு பார்க்க வேண்டுமாம். கட்டினவரைக் கேட்காதே என்கிறாய். உனக்கு அப்படி ஒருவர் அமையவில்லை என்பதற்காக எனக்கும் அமையக் கூடாதா?

எழுது, தாராளமாகப் புகார் எழுது. இங்கே வேலை பார்க்கிறவர்கள் வீட்டு அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு. பாப்பா கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். பத்திரிகை வந்தாலும் வராதே. அவள் அழுதாள். அழட்டும், கல்யாணப் பெண்ணுக்கு அழுகை சீக்கிரம் ஆறிவிடும். வாசல்வரை வந்தாயானால், எல்லார் முன்னாலும் வெளியே போ என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

உனக்கு அக்கா இல்லை.


ஜூன் 1

அக்காவுக்கு,

இன்று புகாரைக் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்னதற்காகவே வேறு இரண்டு கடைகளில் இரண்டு சுவிட்ச் வாங்கிப் பார்த்தேன். இரண்டும் உங்களுடையவைதான். மூடிக்கு உள்பக்கம் அப்பா காலத்து அச்சில் இருக்கிற அந்தச் சின்னக் கீறல் அப்படியே விழுந்திருக்கிறது. நகல் அடிக்கிறவனுக்கு அது வராது.

மூன்றையும் புகாரோடு கொடுத்துவிட்டேன். முகவரி கேட்ட இடத்தில் என் பெயரையும் உறவையும் எழுதினேன். மொட்டைக் கடுதாசி போடவில்லை.

கல்யாணத்துக்கு வர மாட்டேன். பாப்பாவை அழவைக்காதே. என்மேல் இருக்கும் கோபத்தை அவள்மேல் காட்டாதே.

தங்கை


ஜூன் 24

தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் வைத்து உன்னைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தேன். பாப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சித்தி பொய் சொல்றாங்கன்னா ஒண்ணைத் திறந்து காட்டிட வேண்டியதுதானேம்மா. எதுக்கு இவ்வளவு கத்தறே?"

மறுநாள் காலையில் பேக்கிங் மேஜைக்குப் போனேன். உன்னைப் பொய்க்காரியாக்கத்தான் போனேன் என்பதைத் தெரிந்துகொள். அங்கே இருந்த பெண்ணிடம் ஸ்குரூடிரைவர் வாங்கி நானே திறந்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக். அடுத்ததைத் திறந்தேன். அதுவும். அந்தப் பெண் பயந்துபோய், "அம்மா, நான் ஏதாவது தப்பா மாட்டிட்டேனா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஸ்குரூடிரைவரை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

உன் மாமாவைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"சாம்பிள்னா சாம்பிள்தான். எல்லாரும் பண்றாங்க."

"எல்லாச் சரக்கும் சாம்பிள் மாதிரியேதான்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"கம்பெனி உன் பேர்ல இருக்கு, நீதானே போடணும்" என்றார். கை கழுவிக்கொண்டே சொன்னார். சோப்பு நுரையோடு நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தார், நான் ஏன் அப்படி நிற்கிறேன் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அன்றே மில்லுக்குப் போனேன். போன் செய்தால் யாராவது தடுத்துவிடுவார்கள் என்று நேரில் போனேன். எங்கள் சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றித் தர வேண்டும் என்றதும் மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றிருந்த எலக்ட்ரீஷியன், நடுவயசுக்காரர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்லவேளை வந்தீங்கம்மா. போன வாரம் ஒரு மெஷின்ல கோளாறு. ஆஃப் பண்ணேன், பூட்டும் போட்டேன். கை வைக்கறதுக்கு முன்னாடி கரண்ட் இருக்கான்னு சும்மா டெஸ்ட் லாம்ப் வச்சுப் பாத்தேன், எரிஞ்சுது. லாம்புதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"பூட்டு தொங்குதே, எப்படி எரியும்னு சிரிச்சுக்கிட்டே கைய உள்ள விடப் போனேன். எதுக்கும் இருக்கட்டும்னு பக்கத்து ஷெட்டுல இருந்து வேற லாம்ப் வாங்கிட்டு வந்து பாத்தேன். அதுவும் எரிஞ்சுது."

அதைச் சொல்லும்போது அவர் என்னைக் குறை சொல்லவில்லை. யாரோ வேறு ஒருவருக்கு நடந்ததைப்போலச் சொன்னார். கழற்றிய சுவிட்சை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார், அதை என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கைப்பிடி ஆஃபில்தான் நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம்தான் முத்திரை ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். அந்தச் சுவிட்சை நானே அவர்களிடம் கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். உரிமத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஷெட் மூடிக் கிடக்கிறது. ஃபோர்மேன் தினமும் வந்து கேட்டுக்கு வெளியே சிறிது நேரம் நின்றுவிட்டுப் போகிறார். கடைகளுக்குப் போன சரக்கைத் திரும்ப வாங்க நானும் பாப்பாவும் ஆளுக்கொரு பக்கம் அலைகிறோம். உன் மாமா அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். "தங்கச்சி ஜெயிச்சுட்டா, கூட்டிட்டு வந்து வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள், பிறகு சரி என்றார்கள். சித்தி வராமல் நான் மணையில் உட்கார மாட்டேன் என்று பாப்பா சொல்லிவிட்டாள். அது உனக்கும் அவளுக்கும் உள்ளது. நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நீ செய்தது தப்பு என்று நான் எழுத முடியாது. அந்த எலக்ட்ரீஷியன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் அப்படி எழுத முடியாது. நன்றி என்று எழுதப் பேனாவை எடுத்தால் மூடிக் கிடக்கிற ஷெட் கண்ணில் படுகிறது, அதையும் எழுத முடியவில்லை. இத்தனை வருஷமும் உனக்கு எழுதுகிறபோதெல்லாம் ஒன்று புத்தி சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் திட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் இப்போது எனக்கு உரிமை இல்லை. அது இல்லாமல் உன்னிடம் எப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

தெரிகிறவரை எழுத மாட்டேன். நீயும் பதில் போடாதே.

அக்கா